பிள்ளைகளோடு காட்டைப் பார்க்க ஒரு ‘பும்புன்’: குறைந்த செலவில் கட்டுவது எப்படி?

விடியற்காலையில் மரம் சீவப் போன தலைமுறைக்குக் கேளையாட்டின் குரல் தெரியும். நாய் குரைப்பதுபோல் காட்டோரத்திலிருந்து ஒற்றைச் சத்தம் வரும். “கீஜாங் கத்துது” என்று சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுவார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளில் பலர் மானைப் பார்த்தது மிருகக்காட்சிச் சாலையிலும் சாங் கஞ்சில் கதைப் புத்தகத்திலும்தான். தோட்டமானாலும் தாமானானாலும், பள்ளி விடுமுறை கைப்பேசியோடு கழிந்துவிடுகிறது.

இதை மாற்றப் பெரிய செலவு தேவையில்லை. நாலு கம்பு, கொஞ்சம் கறுப்பு வலை, உட்கார மூன்று நாற்காலி போதும். மலாயில் இதற்குப் ‘பும்புன்’ என்று பெயர். விலங்கின் கண்ணில் படாமல் ஆள் உட்கார்ந்து பார்க்கும் சிறு குடில் அது. தமிழர்களுக்கும் இது புதிதல்ல. மான் வயிற்றில் பிறந்ததாகக் கந்தபுராணம் சொல்லும் வள்ளி, தினைப்புனம் காத்தது பரண் மீது இருந்துதான்.

வேட்டைக்காரர் இடம், பார்வையாளர் இடமானது

பும்புன் முதலில் வேட்டைக்காகவே இருந்தது. இன்றும் அமெரிக்காவில் இலையுதிர் காலம் வந்தால், வெள்ளைவால் மான் வேட்டைக்கு உரிமம் பெற்ற குடும்பங்கள் பிள்ளைகளையும் அழைத்துப் போய் இப்படிப்பட்ட குடில்களில் உட்காருகின்றன. பிள்ளை குளிராமல், சலிக்காமல், சத்தம் போடாமல் எப்படி உட்காருவது என்பதே அங்கும் பெரிய கேள்வி.

நம் நாட்டில் நிலைமை வேறு. கடமான் எனப்படும் ரூசாவும், கீஜாங் எனப்படும் கேளையாடும் மிகவும் குறைந்துவிட்டதால், தீபகற்ப மலேசியாவில் அவற்றின் வேட்டை 2009-இல் நிறுத்தி வைக்கப்பட்டது. பின்னர் அந்தத் தடை நீட்டிக்கப்பட்டது. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் வேட்டையாடுவதும் கண்ணி வைப்பதும் குற்றம். இதில் புலியின் கதையும் அடங்கியிருக்கிறது. கடமான் புலியின் முக்கிய இரை. தேசியப் புலிக் கணக்கெடுப்பின்படி காட்டில் மிஞ்சியிருக்கும் மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவு. இரை இல்லாத காட்டில் புலியைக் காப்பாற்ற முடியாது.

துப்பாக்கியைக் கீழே வைத்தவரால் வந்ததுதான் தாமான் நெகாராவும். தியோடர் ஹப்பேக் இளமையில் யானையையும் காட்டெருதையும் தேடிப் போய்ச் சுட்டவர். பிறகு வனவிலங்குக்குக் காப்பிடம் வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடினார். அதன் பலனாகப் பகாங், கிளந்தான், திரங்கானு மாநிலங்களில் 4,343 சதுர கிலோமீட்டர் காடு 1930-களின் இறுதியில் தேசியப் பூங்காவானது. அந்தப் பூங்காவில் உப்பு மண் உள்ள ‘ஜெனுட்’ என்ற இடங்களின் எதிரே இன்று பும்புன்கள் நிற்கின்றன. மானும் தாபிரும் உப்புக்காக அங்கே வரும்.

எங்கே கட்டலாம்?

முதலில் அனுமதி. வீட்டுக்குப் பின்னால் சொந்த நிலமோ பழத்தோட்டமோ இருந்தால் சிக்கல் இல்லை. எஸ்டேட் நிலம் என்றால் நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். வனக் காப்பகத்திலும் பூங்காவிலும் சொந்தமாக எதையும் கட்டக்கூடாது.

அடுத்தது பாதுகாப்பு. யானை நடமாட்டம் உள்ள பகுதி, புலித்தடம் கண்டதாகப் பேச்சு உள்ள பகுதி, காட்டுப்பன்றி சுட ஆட்கள் வரும் பகுதி, இந்த மூன்றும் வேண்டாம். பன்றி என்று நினைத்து மனிதர்களைச் சுட்ட சம்பவங்கள் நம் நாட்டில் நடந்திருக்கின்றன. அசைவும் நிழலும் மட்டும் தெரியும் அந்தி வேளையில் தவறு எளிதாக நடக்கும். செம்பனை வரிசைக்குள் போகாமல், வீடுகள் கண்ணில் படும் தூரத்தில், ஓடை அல்லது புதர் ஓரத்தைப் பார்த்தபடி அமைப்பதே பிள்ளைகளுக்குச் சரி.

இங்கே ஓர் உண்மையைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். லயத்துக்குப் பின்னால் மான் வருவது அபூர்வம். உடும்பு, காட்டுக்கோழி, ருவாக் ருவாக் என்று கத்தும் கானாங்கோழி, மீன்கொத்தி, இருட்டும் நேரத்தில் மரநாய் ஆகியவையே அதிகம் வரும். எலியை ஒழிக்கச் செம்பனைத் தோட்டங்களில் பெட்டி வைத்து வளர்க்கும் கூகையும் அந்தி நேரத்தில் வெளியே வரும். இவற்றில் பழகிய பிள்ளைதான் பிறகு மானுக்காகவும் காத்திருக்கும்.

கட்டும் முறை

ஒரு பெரியவரும் இரண்டு பிள்ளைகளும் உட்கார ஆறு அடி நீளம், நாலு அடி அகலம் போதும். தரையிலேயே அமையட்டும். உயரப் பரண் பார்வைக்கு நல்லதுதான், ஆனால் ஏணியும் உயரமும் சிறு பிள்ளைகளுக்கு ஆபத்து. தரைமட்டக் குடில் விழுந்தாலும் காயம் பெரிதாக இருக்காது.

முன்பக்கம் ஏழு அடிக் கம்பு இரண்டு, பின்பக்கம் ஆறரை அடிக் கம்பு இரண்டு எடுத்து, ஒவ்வொன்றையும் ஒன்றரை அடி ஆழம் நட்டு மண்ணை இடித்து இறுக்க வேண்டும். முன்னால் ஐந்தரை அடி, பின்னால் ஐந்து அடி உயரம் வரும். மழைத் தண்ணீர் பின்பக்கம் வழிந்துவிடும். காய்ந்த மூங்கில் கிடைத்தால் கம்புக்குச் செலவே இல்லை. குறுக்குக் கம்புகளை ராஃபியா கயிற்றால் கட்டலாம். கேபிள் டை போட்டால் நறுக்கிய நுனி கூர்மையாக இருக்கும், பிள்ளைகளின் கையைக் கிழிக்காதபடி அதை வெளிப்புறம் திருப்பி விட வேண்டும்.

கூரைக்குச் சிறிய கென்வாஸ் ஒன்று. அது தளர்ந்திருந்தால் காற்றில் படபடக்கும், அந்தச் சத்தம் ஒன்றே எல்லாவற்றையும் விரட்டிவிடும். இழுத்துக் கட்டி அதன் மேல் வலையைப் போட வேண்டும். சுவர்களுக்கு நாற்றங்காலில் நிழலுக்குப் போடும் கறுப்பு வலை. பின்சுவரிலும் பக்கங்களிலும் இரண்டு மடிப்பு, முன்னால் ஒரே மடிப்பு.

இந்த மடிப்பில்தான் சூட்சுமம். பலர் முன்பக்கத்தை மறைத்துவிட்டு முதுகுப்பக்கத்தைத் திறந்து விடுகிறார்கள். பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் உள்ளே இருப்பவரின் உருவம் நிழற்படம்போல் தெரியும். பின்பக்கம் நன்றாக மூடி, உள்ளே இருட்டாக இருந்தால், முன்னால் இருக்கும் ஒற்றை வலை வழியாக வெளியே தெளிவாகத் தெரியும். வெளியே இருந்து உள்ளே ஒன்றும் தெரியாது. பகலில் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று தெருவைப் பார்ப்பதும் இப்படித்தான்.

பார்க்கும் இடைவெளியின் உயரத்தை அளவுகோலால் முடிவு செய்யக்கூடாது. பிள்ளையை நாற்காலியில் உட்கார வைத்து, அதன் கண் எங்கே வருகிறதோ அங்கே அடையாளம் போட வேண்டும். எட்டு வயதுப் பிள்ளை சாதாரண பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் கண் ஏறக்குறைய மூன்றரை அடியில் வரும். பெரியவருக்கு நாலு அடி. பெரியவரின் கண்ணுக்கு ஏற்ப ஓட்டை வெட்டிவிட்டால் பிள்ளை எட்டி எட்டிப் பார்த்தே களைத்துவிடும். பத்து நிமிடத்தில் “வீட்டுக்குப் போலாம்ப்பா” என்று ஆரம்பிக்கும்.

தரையில் சருகு இருந்தால் கூட்டிவிட்டுப் பழைய ரப்பர் பாயோ கோணியோ விரிக்கலாம். கால் அசைந்தாலும் சத்தம் வராது. வெளியே ஓலை சாத்தினால் குடில் சுற்றுப்புறத்தோடு சேர்ந்துவிடும். செம்பனை மட்டையின் அடிப்பகுதியில் முள் இருக்கும், அதை வெட்டிவிட்டே பயன்படுத்த வேண்டும். கம்பும் ஓலையும் பழைய நாற்காலியும் கைவசம் இருந்தால், வாங்க வேண்டியவை வலை, கென்வாஸ், கயிறு மட்டும். கட்டும் வேலையில் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தானே கட்டிய குடிலில் பிள்ளை அதிக நேரம் உட்காரும்.

மானின் மூக்கும் கண்ணும்

மானை ஏமாற்றுவதில் கண்ணைவிட மூக்குத்தான் கடினம். காற்று நம் முதுகிலிருந்து எதிரே வீசினால் நம் வாடை முன்னால் போய்விடும், பிறகு எவ்வளவு மறைந்தாலும் பயனில்லை. ஒரு சிட்டிகை முகப்பவுடரைத் தூவினால் காற்றின் திசை தெரிந்துவிடும். காற்று முகத்தில் அடிக்கும் பக்கமே உட்காரச் சிறந்த பக்கம். கொசுவர்த்தி, வாசனைத் தைலம், மசாலா வாடை வீசும் பொட்டலம் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

கண்ணைப் பொறுத்தவரை, மானுக்கு நம்மைப்போல் எல்லா நிறமும் பிரிந்து தெரிவதில்லை. சிவப்பையும் ஆரஞ்சையும் பச்சையிலிருந்து பிரித்தறிய அதனால் முடியாது. நீலமும் வெள்ளையும் பளிச்சென்று தெரியும். அசைவு எந்த நிறத்தில் இருந்தாலும் தெரியும். இதில் பெற்றோருக்கு ஒரு வசதி இருக்கிறது. குடிலின் மேலும் பின்பக்கமும் ஆரஞ்சு நிறத் துணி கட்டி வைத்தால் மானுக்கு அது உறுத்தாது, துப்பாக்கியோடு வரும் மனிதனுக்கோ தூரத்திலேயே தெரியும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் மான் வேட்டைக்காரர்கள் ஆரஞ்சுச் சட்டை போடுவது கட்டாயம், காரணம் இதுதான்.

பிள்ளை எவ்வளவு நேரம் உட்காரும்?

காலை ஏழு மணியிலிருந்து எட்டரை, மாலை ஐந்தரையிலிருந்து ஏழு. விலங்குகள் அதிகம் நடமாடும் நேரம் இவை. முதல் நாள் அரை மணி நேரம் போதும். பிள்ளை “இன்னும் கொஞ்ச நேரம்” என்று கேட்கும்போதே எழுந்துவிடுவது நல்லது. அழுது எழுந்த பிள்ளை மறுமுறை வராது.

புறப்படும் முன் கழிப்பறைக்குப் போய்வர வேண்டும். நீண்ட கை, நீண்ட கால் உடையோடு, கொசு விரட்டும் மருந்தை வீட்டிலேயே பூசிக்கொண்டு போக வேண்டும். வாடை கொஞ்சம் இருந்தாலும் பரவாயில்லை. மான் இன்னொரு நாள் வரும், டிங்கியோடு விளையாட முடியாது. கென்வாஸ் மடிப்பில் மழைநீர் தேங்கினால் அன்றே கொட்டிவிட வேண்டும். உள்ளே நுழையும் முன் பாம்போ தேளோ இருக்கிறதா என்று பெரியவர் கைவிளக்கு அடித்து, நாற்காலிக்கு அடியிலும் பார்க்க வேண்டும். இடி இடித்தால் உடனே வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.

தின்பதற்குச் சரசரக்கும் பாக்கெட் வேண்டாம். ரொட்டியோ வாழைப்பழமோ டப்பாவில் போதும். பேசுவதற்குப் பதில் கை சைகைகளை முன்பே பழகிக்கொள்ளலாம். ஒரு நோட்டுப்புத்தகத்தில் நாள், நேரம், மழையா வெயிலா, என்ன வந்தது என்று பிள்ளையே எழுதட்டும். ஒன்றும் வரவில்லை என்றால் அதையும் எழுத வேண்டும். பத்து நாள் எழுதினால் கானாங்கோழி எந்த நேரத்தில் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

விலங்கை வரவழைக்க உப்போ சோறோ பழமோ வைக்கக்கூடாது. முதலில் வருவது குரங்காக இருக்கும், அடுத்தது பன்றி. இரண்டும் பிறகு வீட்டுக் கதவுக்கே வந்து நிற்கும். சிங்கப்பூரில் காட்டு விலங்குகளுக்கு உணவு வைப்பதே சட்டப்படி குற்றம்.

கட்ட இடமில்லாதவர்களுக்கு

பட்டணத்தில் அடுக்குமாடியில் இருப்பவர்களும் ஏமாற வேண்டியதில்லை. கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்காவில் பறவை பார்க்க மறைவிடங்கள் உண்டு. சிங்கப்பூர்வாசிகளுக்குச் சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகம் இருக்கிறது. 1970-களில் விலங்குத் தோட்டத்திலிருந்து தப்பிய கடமான்களின் வம்சம் இன்றும் மண்டாய்ப் பக்கம் திரிகிறது.

மானுக்காகவே போவதென்றால் தாமான் நெகாரா. கோல தாஹானில் பூங்கா அலுவலகத்துக்கு அருகிலேயே, சிறு பிள்ளையும் நடந்து போகும் தூரத்தில் பும்புன் தாஹான் உள்ளது. பும்புன் கும்பாங் காட்டின் உள்ளே வெகுதூரம், பெரிய பிள்ளைகளுக்கே ஏற்றது. எந்தப் பும்புன் திறந்திருக்கிறது, இரவு தங்க இடம் உண்டா என்று புறப்படும் முன் அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது அவசியம். ராத்திரி முழுக்க விழித்திருந்தும் ஒன்றும் வராத நாள்களும் உண்டு.

காட்டோரம் நடக்கும்போது கம்பிக் கண்ணி கண்ணில் பட்டால், பிள்ளைகள் அதைத் தொடாமல் பெரியவரிடம் சொல்ல வேண்டும். பெரியவர் இடத்தைக் குறித்துக்கொண்டு பெர்ஹிலித்தானுக்குத் தெரிவிக்கலாம். அந்தக் கம்பி எதன் காலைப் பிடிக்கக் காத்திருக்கிறது என்பது, பும்புனில் உட்கார்ந்து பழகிய பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.