பாக்கெட் ஷாம்பு: கற்பனை இருந்த இடம் எது?

தொழில் தொடங்க நினைக்கும் இளைஞரிடம் நாம் முதலில் கேட்பது, ‘புதிதாக என்ன கண்டுபிடித்திருக்கிறாய்?’ என்பதுதான். கற்பனைத்திறன் என்றாலே இதுவரை யாரும் பார்த்திராத பொருள் என்று மனம் போய்விடுகிறது. பொருளாதார அறிஞர் ஜோசப் ஷூம்பீட்டர் 1911-லேயே இதைவிட விரிவாக யோசித்திருந்தார். புதிய பொருள், புதிய உற்பத்தி முறை, புதிய சந்தை, புதிய மூலப்பொருள் வழி, தொழிலைப் புதிதாக ஒழுங்கமைப்பது என ஐந்து வகைப் புதுமைகளை அவர் சொன்னார். அந்தப் பட்டியலில் பொருள் ஒன்றே ஒன்றுதான். மற்ற நான்கும், இருப்பதையே வேறு விதமாகச் சேர்த்துக் கட்டுவது பற்றியவை. தொழில்முனைவோரின் கற்பனைக்கு உண்மையான வேலை இந்த நான்கில்தான் இருக்கிறது என்பது என் வாதம். அதற்கு நல்ல சான்று, கடலூரில் பிறந்த ஷாம்பு பாக்கெட்டின் கதை.

கடலூரில் சிறு அளவில் மருந்துப் பொருட்கள் தயாரித்துவந்த சின்னி கிருஷ்ணன், பணக்காரர்கள் பயன்படுத்துவதை ரிக்‌ஷா ஓட்டுகிறவரும் கூலி வேலைக்குப் போகிறவரும் பயன்படுத்த வேண்டும் என்று விரும்பியவர். முகப்பவுடரையும் எப்சம் உப்பையும் மிகச் சிறிய பொட்டலங்களில் அடைத்து விற்றுப் பார்த்தார். திரவத்தையும் அப்படி அடைக்க முடியும் என்று கண்டவர் அவர். பாட்டிலில் மட்டுமே கிடைத்த ஷாம்புவை ஒரு தலைக்குளியலுக்கான பாக்கெட்டுக்குக் கொண்டுவந்த பெருமையில் பெரும்பங்கு அவருக்கே உரியது. ஆனால் பொருளை உருவாக்கத் தெரிந்த அளவுக்கு அதை விற்கும் வழி அப்பாவுக்குத் தெரியவில்லை என்று அவருடைய மகன் சி.கே.ரங்கநாதன் பிற்காலத்தில் வெளிப்படையாகவே சொன்னார். கண்டுபிடிப்பும் தொழில்முனைவும் வேறு வேறு என்பது ஒரே குடும்பத்தின் இரண்டு தலைமுறைகளில் இவ்வளவு தெளிவாகத் தெரிவது அரிது.

தந்தை இறந்தபின் சகோதரர்கள் வெல்வெட் ஷாம்புவை பாக்கெட்டில் விற்றுவந்தார்கள். அந்தக் குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்து, 15,000 ரூபாயுடன் 1983-ல் ‘சிக்’ ஷாம்புவைத் தொடங்கினார் ரங்கநாதன். அவரிடம் புதிய பொருள் எதுவும் இல்லை. ஷாம்பு பழையது, பாக்கெட்டும் ஏற்கெனவே கடைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. புதிதாக இருந்ததெல்லாம் அந்தப் பாக்கெட்டைச் சுற்றி அவர் செய்தவைதான். சீயக்காயும் சோப்பும் போட்டுக் குளித்துப் பழகிய தென்னிந்தியக் கிராமங்களுக்கு அவருடைய ஆட்கள் போனார்கள். பள்ளிப் பிள்ளைகளில் ஒருவருக்குத் தலையில் ஷாம்பு போட்டுக் காட்டி, முடியைத் தொட்டும் முகர்ந்தும் பார்க்கச் சொன்னார்கள். ரஜினிகாந்த் படங்களைத் திரையிட்டு, நடுவே விளம்பரமும் செய்முறை விளக்கமும் வைத்தார்கள். எந்த நிறுவனத்தின் ஷாம்புவானாலும் ஐந்து காலி உறைகளைக் கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றார்கள். சில காலம் கழித்து, சிக் உறைக்கு மட்டுமே இலவசம் என்று மாற்றினார்கள். முதல் கட்டம் போட்டியாளரின் வாடிக்கையாளரை இழுத்துவந்தது, இரண்டாவது கட்டம் வந்தவரைத் தக்கவைத்தது. மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை இந்தத் திட்டத்தால் 12 லட்சமானது என்பது ரங்கநாதன் பேட்டிகளில் சொன்ன கணக்கு. மல்லிகை, ரோஜா மணங்கள் வந்தபின் அது 30 லட்சத்தைத் தொட்டதாம். கூந்தலில் பூ வைக்கும் ஊரில் ஷாம்புக்கும் பூவின் வாசம் வேண்டும் என்று தோன்றுவதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. வாங்குகிறவரை உற்றுப்பார்க்கும் கண் வேண்டும்.

1999-ல் அந்தப் பாக்கெட் 50 பைசாவுக்கு வந்தது. இந்த விலையின் அருமையை மாதச் சம்பளக்காரர் எளிதில் உணர முடியாது. அன்றாடக் கூலி வாங்கும் வீட்டில் செலவும் அன்றாடம்தான். எண்ணெய், சர்க்கரை, காபித்தூள் எல்லாம் அன்றைக்குத் தேவையான அளவே வாங்கப்படும். அந்த வீட்டில் ஷாம்பு வாங்க ஆசை இருந்தது. பாட்டிலுக்கு மொத்தமாகக் கொடுக்கப் பணம் இருந்ததில்லை. பெட்டிக்கடைக்காரரின் நிலையும் அதுதான். பாட்டிலை வாங்கி அடுக்க முதலும் இல்லை, இடமும் இல்லை. சரமாகத் தொங்கும் பாக்கெட்டுக்கு ஓர் ஆணி போதும். வாங்குகிறவரின் சுருக்குப்பை, கடையின் அகலம், கையில் புழங்கும் நாணயம் ஆகிய மூன்றுக்கும் பொருந்தும்படி ஒரு பழைய பொருளை மாற்றி அமைத்ததைத்தான் நான் தொழில்முனைவின் கற்பனை என்கிறேன்.

‘இதெல்லாம் வெறும் விற்பனைத் தந்திரம், இதில் கற்பனை எங்கே?’ என்று கேட்கலாம். தந்திரம் என்றால் இருக்கும் சந்தையில் பங்கைப் பிடுங்குவதோடு நின்றிருக்கும். இங்கே ஷாம்புவே தொடாத வீடுகள் சந்தைக்குள் வந்தன, பன்னாட்டு நிறுவனங்களும் அதே வழிக்கு வர நேர்ந்தது. ‘முதலீடுதான் எல்லாம், கற்பனை பிறகுதான்’ என்ற வாதம் இன்னும் வலுவானது. பணமில்லாமல் பல நல்ல எண்ணங்கள் கருகிப்போகின்றன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சிக் வளர்ந்த காலத்தில் பணமும் ஆளும் விளம்பரமும் பெரிய நிறுவனங்களிடம்தான் குவிந்திருந்தன. பணம் மட்டுமே தீர்மானித்திருந்தால் கிராமத்துச் சந்தையை அவர்களே முதலில் திறந்திருப்பார்கள்.

அறிவார்ந்த எதிர்ப்பு வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. கோவையில் பிறந்த சி.கே.பிரகலாத், அடித்தட்டு மக்களைச் சந்தையாகப் பார்க்க வேண்டும் என்று 2004-ல் எழுதிய நூலில் சிறு பாக்கெட்டுகளைப் பெரிதாகப் பாராட்டினார். அவர் பணியாற்றிய மிச்சிகன் பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியராக இருந்த அனீல் கர்னானி அதை மறுத்தார். பாக்கெட்டைச் சிறிதாக்கினால் வாங்குவது வசதியாகுமே தவிர, பொருள் மலிவாகிவிடாது. ஒரு மில்லியின் விலை குறைந்தால்தான் ஏழைக்கு உண்மையான ஆதாயம் என்றார். இந்த அளவுகோல் நியாயமானது. இந்திய ஷாம்பு அந்தச் சோதனையில் தேறிவிடுகிறது என்பதுதான் சுவையான செய்தி. இங்கே பெரும்பாலும் பாட்டிலைவிட பாக்கெட்டில்தான் ஒரு மில்லி மலிவு. கடும் போட்டியில் விலை ஒரு நாணயத்தோடு கட்டுண்டு கிடந்ததால் எந்த நிறுவனமும் அதை எளிதாக ஏற்றிவிட முடியவில்லை. ஆனால் எல்லாச் சிறு பாக்கெட்டுக்கும் இந்தச் சான்றிதழைக் கொடுத்துவிட முடியாது. ஒவ்வொன்றையும் கர்னானியின் அளவுகோலால்தான் அளக்க வேண்டும்.

என்னால் எளிதாகப் பதில் சொல்ல முடியாத எதிர்ப்பு ஒன்று உண்டு. அது குளத்தோரத்திலும் சாக்கடையிலும் கிடக்கும் காலி உறைகள். பல அடுக்குகளை ஒட்டிச் செய்த உறையைப் பிரித்து மறுசுழற்சி செய்வது கட்டுப்படியாகாது. ஒரு கிலோ சேர்க்க எண்ணற்ற உறைகளைப் பொறுக்க வேண்டும், சேர்த்தாலும் பழைய பொருள் வாங்கும் கடையில் விலை இல்லை. அதனால் குப்பை பொறுக்குவோரும் அதைத் தொடுவதில்லை. 2016-ன் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மீது வைத்தன. ஆனாலும் சட்டத்தைக் காகிதத்தில் நிறைவேற்றுவதைத் தாண்டி இந்தத் துறையின் கற்பனை இதில் ஓடியதாகத் தெரியவில்லை. சிலி நாட்டில் அல்கிராமோ என்ற நிறுவனம், கொண்டுவரும் குப்பியில் வேண்டிய அளவு சோப்புத் திரவம் நிரப்பித் தரும் இயந்திரங்களை வைத்தது. அன்றாடத் தேவைக்கு அன்றாடம் வாங்கும் வசதி இதில் கெடவில்லை, உறை மட்டும் இல்லாமல் போனது. நம் பெட்டிக்கடைகளுக்கு அந்த இயந்திரம் பெரிது, விலையும் அதிகம். நமக்கு வேறு ஏற்பாடு வேண்டும். அதற்கான தடயம் சிக்கின் பழைய திட்டத்திலேயே இருக்கிறது. ஐந்து உறைக்கு ஒரு பாக்கெட் என்றதும் வீடுகள் காலி உறையைச் சேர்த்துவைத்தன, கடைகள் வாங்கிவைத்தன, நிறுவனம் கணக்குத் தீர்த்தது. விற்பனைக்காக அன்று ஓடிய அந்தத் திரும்பும் பாதையில் உறைகளை மீண்டும் வரவழைக்க என்ன விலை கொடுக்க வேண்டும், அதை நிறுவனமும் கடைக்காரரும் எப்படிப் பகிர்வது என்று ஒரு மாவட்டத்தில் போட்டுப் பார்க்கலாம்.