சபைக்கு வெளியே நின்றவர்களின் கதி

ஜப்பானில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மறைப்பணி செய்துவிட்டுத் திரும்பிய பிரான்சிஸ் சவேரியார், 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து ஐரோப்பாவிலுள்ள தம் இயேசு சபைத் தோழர்களுக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே பணி செய்த அதே சவேரியார்தான். ஜப்பானில் புதிதாகக் கிறிஸ்தவர் ஆனவர்களை அரித்துக்கொண்டிருந்த ஒரு துயரத்தை அதில் அவர் விவரிக்கிறார். இறந்துபோன தாய் தகப்பன், பாட்டன் பாட்டி, பிள்ளைகள் எல்லாரும் நரகத்தில்தான் இருக்கிறார்களா, ஜெபமும் தானதர்மமும் செய்தால் அவர்களைக் கரையேற்ற முடியாதா என்று அந்த மக்கள் கேட்டார்கள். வழியில்லை என்றார் அவர். அவர்கள் அழுதார்கள். அதைப் பார்க்க அவருக்கும் மனம் கனத்தது. ஆனாலும் பதிலை மாற்றவில்லை.

மாற்றியிருக்கவும் முடியாது. 1442-லேயே ஃபுளோரன்ஸ் பொதுச்சங்கம் இதைத் தீர்த்துச் சொல்லிவிட்டது. பிற சமயத்தாரோ யூதரோ பிரிவினைக்காரரோ, சாவதற்குள் கத்தோலிக்கத் திருச்சபையில் சேராவிட்டால் நித்திய நெருப்புதான் என்பது அதன் ஆணை. இதற்கு வேர் மூன்றாம் நூற்றாண்டில் இருக்கிறது. 'திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை' என்ற கொள்கையை வலியுறுத்தியவர் கார்த்தேஜ் நகரின் ஆயர் சிப்ரியன். சபையை உடைத்துக்கொண்டு போன கிறிஸ்தவர்களைத்தான் அவர் எச்சரித்தார். வீட்டை விட்டு ஓடுகிற பிள்ளைக்குச் சொன்ன கண்டிப்பை, அந்த வீடு இருப்பதே தெரியாத அயலூர்க்காரன் மேலும் பிற்காலத்தில் சுமத்திவிட்டார்கள்.

ஃபுளோரன்ஸ் ஆணை வந்து சரியாக 50 ஆண்டில் கொலம்பஸ் கரீபியன் தீவுகளில் போய் இறங்கினார். இயேசுவின் பெயரையே கேட்டிராத மக்கள் கூட்டங்கூட்டமாக வாழும் நிலங்கள் இருப்பது ஐரோப்பாவுக்குத் தெரியவந்தது. காதில் விழாததை நம்பாதது எப்படிக் குற்றமாகும் என்று ஸ்பெயினின் சலமான்கா பல்கலைக்கழக இறையியலாளர்கள் கேட்கத் தொடங்கினார்கள். அந்தக் கேள்வி ரோமில் தெளிவான பதிலாகத் திரண்டு வர மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. தம் குற்றமில்லாமல் அறியாமையில் இருந்து, மனச்சான்றின்படி நேர்மையாக வாழ்பவர்கள் கடவுளின் அருளால் நித்திய வாழ்வை அடையலாம் என்று 1863-ல் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் எழுதினார். அதே மடலில் பழைய கொள்கையையும் விடாமல் சொல்லிவைத்தார்.

இந்த நெளிவுசுளிவை ஏற்க மறுத்தவர் லியோனார்டு ஃபீனி. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு அருகிலிருந்த புனித பெனடிக்ட் மையத்தில் மாணவர்களைக் கட்டிப்போட்ட பேச்சாளர் இந்த இயேசு சபைக் குருவானவர். எழுத்தாளரும்கூட. சங்கம் சொன்னது சொன்னதுதான், கத்தோலிக்கராகத் திருமுழுக்குப் பெறாத யாருக்கும் மோட்சம் கிடையாது என்று அவர் அடித்துப் பேசினார். 1949 ஆகஸ்டில் ரோமிலிருந்து பாஸ்டன் பேராயருக்கு ஒரு கடிதம் வந்தது. கொள்கை உண்மையே, ஆனால் சபையில் சேரவேண்டும் என்ற விருப்பம், ஒருவர் தாமே உணராத அளவில் உள்ளுக்குள் இருந்தாலும் போதும் என்றது அது. ஃபீனி அடங்கவில்லை. பாஸ்டன் பூங்காவில் நின்று யூதர்களை வசைபாடிக் கூட்டம் நடத்தினார். ரோமுக்கு வரச்சொல்லியும் போகவில்லை. 1953 பிப்ரவரியில் அவரைச் சபைவிலக்கம் செய்தார்கள். வெளியே இருப்பவனுக்கு மீட்பில்லை என்றவரே வெளியே நின்றார். 1972-ல் அவரை மீண்டும் சேர்த்துக்கொண்டபோது, தம் கருத்தை மறுத்துச் சொல்லும்படி யாரும் அவரைக் கேட்கவில்லை.

இடையில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் நடந்து முடிந்திருந்தது. ஒன்பதாம் பயஸ் மடலில் எழுதியதை, கடவுளை நேர்மையாகத் தேடும் எல்லாருக்குமாக விரித்து 1964-ல் சங்கமே போதித்தது. 1965-ல் வெளிவந்த இன்னோர் ஏடு இந்து, பௌத்த சமயங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றில் உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்றது. ஜெர்மானிய இறையியலாளர் கார்ல் ரானர் இப்படிப்பட்ட நல்லவர்களைப் 'பெயரில்லாக் கிறிஸ்தவர்கள்' என்றார். அதுவும் ஒருவகை மேட்டிமைதானே என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. ஜப்பானிய தத்துவ அறிஞர் நிஷிதானி நேரிலேயே கேட்டுவிட்டார்: உங்களைப் பெயரில்லா ஜென் பௌத்தர் என்று நான் சொன்னால்? தாராளமாகச் சொல்லுங்கள், எனக்கு அது பெருமைதான் என்றார் ரானர்.

பிற சமயத்தார் மீட்படையலாம் என்பது இப்போது பெரிய சண்டை இல்லை. தம் சமயத்தையும் மீறி அடைகிறார்களா, அதன் வழியாகவே அடைகிறார்களா என்பதில்தான் சிக்கல். இதில் மாட்டிக்கொண்டவர் ஜாக் டுபுயி. பெல்ஜியத்தில் பிறந்து, இந்தியாவில் 36 ஆண்டுகள் வாழ்ந்து இறையியல் கற்பித்த இயேசு சபையார். பிற சமயங்களுக்கும் கடவுளின் மீட்புத் திட்டத்தில் இடமுண்டு என்ற கோணத்தில் 1997-ல் அவர் எழுதிய நூலை, கர்தினால் ராட்சிங்கர் தலைமையில் இருந்த, ரோமின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் விசாரித்தது. வியன்னாவின் முன்னாள் பேராயர் கர்தினால் கோனிக் வெளிப்படையாகவே அவருக்குப் பரிந்து பேசினார். பிற சமயத்தார் இறையருளைப் பெறலாம், ஆனால் அவர்களின் நிலை கடுமையான குறைபாடு உடையது என்று 2000-ல் அதே பேராயம் அறிவித்தது. 2001-ல் டுபுயி நூலைப் பற்றித் தனி அறிவிப்பு வந்தது. அதில் தப்பறை என்ற குற்றச்சாட்டு இல்லை. தவறான கருத்துக்கு இட்டுச்செல்லக்கூடிய தெளிவின்மைகள் உண்டு என்றுதான் இருந்தது. அவ்வளவுக்காக ஒரு முதியவரை ஆண்டுக்கணக்கில் விசாரணையில் நிறுத்தியது ரோமுக்குப் பெருமை சேர்க்கவில்லை. 2004-ல் டுபுயி காலமானார்.

சமயங்கள் எல்லாம் கடவுளை அடையும் பாதைகள், பல மொழிகளைப் போல என்று 2024 செப்டம்பரில் சிங்கப்பூர் இளைஞர்களிடம் திருத்தந்தை பிரான்சிஸ் பேசினார். அமெரிக்க ஆயர்கள் சிலரே உடனடியாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவருடைய பேச்சுக்கும் சங்கத்தின் ஏடுகளுக்கும் இடையே உள்ள தூரம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. 1992-ல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலைப் புரட்டினால், 846-ஆம் எண்ணில் சிப்ரியன் காலத்துக் கொள்கை இன்றும் இருப்பதைக் காணலாம். தம் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாதவர்களை அது குறிக்கவில்லை என்கிறது அடுத்துவரும் 847-ஆம் எண்.