அரை மணி நடையை மூன்றாகப் பிரிக்கலாமா?

கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து படிக்க வேண்டிய பிரசுரம் இது. ஒருவர் படிக்க மற்றவர் கேட்டாலும் சரிதான். ஆனால் ஒருவர் மட்டும் படித்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

துணை சுகாதார நிலையத்துக்கு வந்த ஒரு தாய்க்கு வயது நாற்பது இருக்கும். இரத்தக் கொதிப்பு இருந்தது. மாத்திரை கொடுத்த டாக்டர், "தினமும் அரை மணி நேரம் வேகமாக நடக்கணும்" என்று சொல்லி அனுப்பினார். அடுத்த மாதம் வந்தபோது, "நடந்தீங்களாம்மா?" என்று செவிலியர் கேட்டார். அந்த அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"எங்க சிஸ்டர் நடக்கிறது? நாலரைக்கு எந்திரிச்சா வாசல் தெளிக்கணும், மாட்டைப் பார்க்கணும், சோறாக்கணும், புள்ளைகளைக் கிளப்பணும். அப்புறம் நூறு நாள் வேலை. சாயந்திரம் வந்தா மறுபடியும் அடுப்படி. முழுசா அரை மணி நேரம் எனக்குன்னு எங்க இருக்கு? சும்மா பத்துப் பத்து நிமிஷமா மூணு தடவை நடந்தா செல்லாதா?"

செல்லும். நன்றாகவே செல்லும். கடைக்காரரிடம் மூன்று பத்து ரூபாய் நோட்டைக் கொடுத்தால், முப்பது ரூபாய்ச் சாமானைத் தரமாட்டேன் என்று சொல்வாரா? நம் உடம்பும் அப்படித்தான். அந்த அம்மாவிடம் இதை முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு மாதம் வீணாகியிருக்காது. சொல்லாமல் விட்டது எங்களுடைய குறைதான்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் கணக்கு, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான தேகப்பயிற்சி. தினம் 30 நிமிடம் என்று ஐந்து நாள் செய்தால் கணக்கு சரியாகிவிடும். ஒவ்வொரு தடவையும் குறைந்தது 10 நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கில் சேரும் என்று 2010-ல் சொல்லியிருந்தார்கள். 2020-ல் வெளியிட்ட புதிய வழிகாட்டுதலில் அந்த நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிடம் ஆனாலும் அது வரவில்தான் சேரும்.

இது யாரோ வாய்க்கு வந்தபடி சொன்னதல்ல. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 1990-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். நடுவயது ஆண்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்தைத் தினம் 30 நிமிடம் ஒரே மூச்சாகவும், மற்றதைப் பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவையும் மெதுவோட்டம் ஓட வைத்தார்கள். எட்டு வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு கூட்டத்துக்குமே மூச்சுத் திறன் கூடியிருந்தது. ஒரே மூச்சாக ஓடியவர்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே கூடியிருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். பின்னால் பல நாடுகளில் செய்த ஆராய்ச்சிகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, மூச்சுத் திறனிலும் இரத்த அழுத்தத்திலும் இரண்டு முறைக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. போலீஸ் வேலைக்கு, பட்டாளத்துக்கு ஓட்டம் பழகும் பையன்கள் நீண்ட ஓட்டம்தான் ஓடிப் பழக வேண்டும். நமக்கு வேண்டியது பந்தய ஓட்டம் அல்லவே.

பழைய கதை ஒன்றும் உண்டு. லண்டன் நகரில் மாடி பஸ்கள் ஓடின. டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்தபடி ஓட்டுவார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிப்படியில் ஏறி ஏறி இறங்குவார். ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் இவர்களைக் கணக்கெடுத்து 1953-ல் வெளியிட்டபோது, கண்டக்டர்களைவிட டிரைவர்களுக்கே மாரடைப்பு அதிகம் என்று தெரிந்தது. அந்தக் கண்டக்டர்கள் யாரும் மைதானத்துக்குப் போய் அரை மணி நேரம் ஓடியவர்கள் இல்லை. ஏறின படிகள் எல்லாம் துண்டு துண்டாக ஏறினவைதான்.

இனி சர்க்கரை விஷயத்துக்கு வருவோம். இங்கே பிரித்து நடப்பதுதான் ஒரு படி மேல். நாம் சாப்பிட்ட சோறு சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் அது உச்சத்துக்கு ஏறும். அந்த நேரத்தில் கால் தசைகள் வேலை செய்தால், இன்சுலினை எதிர்பார்த்துக் காத்திராமல் தாமாகவே சர்க்கரையை இழுத்து எரித்துவிடும். உட்கார்ந்தே இருந்தால் சர்க்கரை இரத்தத்திலேயே தங்கி நிற்கும்.

நியூசிலாந்தில் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் 2016-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இதைத்தான் சோதித்தது. சர்க்கரை வியாதி உள்ள 41 பேரை ஒரு கட்டத்தில் தினம் 30 நிமிடம் எப்போது வேண்டுமானாலும் நடக்கச் சொன்னார்கள். இன்னொரு கட்டத்தில் மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பத்து நிமிடம் நடக்கச் சொன்னார்கள். சாப்பாட்டுக்குப் பின் நடந்த நாட்களில், சாப்பிட்ட பிறகு ஏறும் சர்க்கரை 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் பார்த்தால் 22 சதவீதம் குறைவு.

இரவுச் சாப்பாடு என்றதும் நம் வீட்டை நினைத்துப் பாருங்கள். பகலில் அவசரமாக எதையோ வாயில் போட்டுக்கொண்டு ஓடுகிறோம். வயிறார உட்கார்ந்து சாப்பிடுவது ராத்திரிதான். சுடுசோறு, குழம்பு, இன்னும் ஒரு கரண்டி. அப்புறம் நேரே டி.வி. முன்னால், அங்கிருந்து பாய்க்கு. ஏறின சர்க்கரை இறங்க வழியே இல்லை. எந்த நடையைச் செய்தாலும் செய்யாவிட்டாலும், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பத்து நிமிடத்தை மட்டும் விடாதீர்கள்.

"காட்டு வேலை செய்யறவங்களுக்கு எதுக்குங்க தனியா நடை?" இந்தக் கேள்வியை முகாமில் ஆண்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மண்வெட்டி பிடித்து வரப்பு வெட்டுகிற நாளில், கட்டு சுமந்து களத்துக்கு நடக்கிற நாளில், வேறு நடை தேவையே இல்லை. ஆனால் வருஷத்தில் எத்தனை நாள் அப்படி? உழவுக்கு டிராக்டர், அறுப்புக்கு மிஷின், அரை மைல் தூரத்துக்கும் மோட்டார் சைக்கிள். பீடி சுற்றுகிற, பூக் கட்டுகிற, தறியில் உட்காருகிற தாய்மார்களுக்கு அலுப்பு இருக்கும், ஆனால் உடம்புக்கு ஓட்டம் இருக்காது. குனிந்து களை எடுத்தால் இடுப்பு ஒடிகிறது, மூச்சு மட்டும் ஏறுவதில்லை. வலியும் பயிற்சியும் ஒன்றல்ல. மூச்சைப் பாருங்கள். நடக்கும்போது பக்கத்தில் வருபவரிடம் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். பாடிக்கொண்டே போக முடிந்தால் காலை எட்டிப் போடுங்கள். பேசவே முடியாமல் மூச்சு வாங்கினால் குறைத்துக்கொள்ளுங்கள்.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் மனைவிக்குப் பத்து நிமிடம் கிடைக்கவில்லை என்றால், அந்தப் பத்து நிமிடம் வீட்டில் யாரிடமோ இருக்கிறது. ராத்திரி பாத்திரத்தை ஒரு நாள் நீங்கள் கழுவுங்கள். கைக்குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். "பொம்பளை தனியா ரோட்டுல நடந்தா நாலு பேரு என்ன சொல்லுவாங்க" என்று பல வீடுகளில் தயங்குகிறார்கள். நீங்களும் கூட நடந்தால் யார் என்ன சொல்லப் போகிறார்கள்? உங்களுக்கும் அந்த நடை தேவைதான்.

கர்ப்பிணிகளுக்கும் இதே 150 நிமிடக் கணக்குத்தான், டாக்டர் ஓய்வு சொல்லியிருந்தால் தவிர. பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து நடப்பது வயிறு பெருத்த மாதங்களில் மிகவும் சௌகரியம். கர்ப்பத்தில் சர்க்கரை இருப்பதாகச் சொன்னவர்கள், செவிலியரிடம் கேட்டுக்கொண்டு சாப்பாட்டுக்குப் பின் நடக்கலாம். உதிரப்போக்கு, நீர் கசிவு, வயிற்று வலி, தலைசுற்றல், குழந்தையின் அசைவு குறைதல் இவற்றில் எது தெரிந்தாலும் நடையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்.

எல்லோரும் கவனிக்க வேண்டியவையும் சில உண்டு. நடக்கும்போது நெஞ்சு அடைத்தாலும், இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவினாலும் "வாயுப் பிடிப்பு" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். 108-ஐ அழையுங்கள். முன்பே மாரடைப்பு வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்கக்கூடாது. சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்களுக்கும் சில மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கும் நடையில் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கலாம், வியர்த்துக் கொட்டலாம். மடியில் கொஞ்சம் சர்க்கரையோ வெல்லமோ இருக்கட்டும். மூன்று டீஸ்பூன் அளவு வாயில் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலில் நடக்கவே கூடாது. ராத்திரி நடைக்கு டார்ச் விளக்கு அவசியம், பூச்சி பொட்டு கிடக்கும். ரோட்டில் எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலது ஓரமாக நடங்கள். உச்சி வெயிலில் வேண்டாம்.

முதல் வாரம் ஒரு வேளை மட்டும், அதுவும் ஐந்து நிமிடம் போதும். பழகினதும் பத்தாக்குங்கள், பிறகு இன்னொரு வேளையைச் சேருங்கள். நேரம் கிடைக்கிற நாளில் அரை மணியை ஒரே நடையாக நடந்தாலும் நல்லதே.

முதலில் சொன்ன அம்மா இப்போது காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு நடத்தியே கூட்டிப் போகிறார். போகப் பத்து நிமிடம், வரப் பத்து நிமிடம். ராத்திரி சாப்பிட்டதும் வீட்டுக்காரரோடு கோயில் வரைக்கும் போய்த் திரும்புகிறார். மாத்திரையை நிறுத்தவில்லை. நீங்களும் டாக்டர் சொல்லாமல் நிறுத்தக்கூடாது.

நடந்த ஒவ்வொரு தடவைக்கும் தினசரிக் காலண்டர் தாளில் ஒரு கோடு போட்டு, தாளைக் கிழித்ததும் எறியாமல் வையுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடமோ, கிராம சுகாதார செவிலியரிடமோ அவற்றைக் காட்டி, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளலாம். இருவரும் சேர்ந்தே பார்த்துக்கொள்ளுங்கள்.