சோதனை அறிக்கையை நம்பலாமா? கருவியின் கையேட்டைக் கேளுங்கள்

கடன் கொப்பி கணனிக்குள் போய்ப் பல காலமாகிவிட்டது. நெல் வாங்கிய கணக்கு, வாடிக்கையாளரின் தொலைபேசி இலக்கம், வங்கி விபரம் எல்லாம் இன்று அதற்குள்தான் இருக்கின்றன. அதனுள் வெளியார் நுழைய வழியுண்டா என்று பார்ப்பதை 'ஊடுருவல் சோதனை' என்கிறார்கள். முன்னர் நிபுணர்கள் மட்டுமே செய்த இந்த வேலையை இப்போது செயற்கை நுண்ணறிவு முகவர் மென்பொருள்களும் செய்கின்றன.

ஒட்டுசுட்டானில் நெல் கொள்வனவு செய்யும் வியாபாரி ஒருவர், அப்படியொரு சோதனையின் அறிக்கையை அண்மையில் என்னிடம் தந்து கருத்துக் கேட்டார். "திறந்த வாசல் எதுவும் இல்லை" என்று முடித்திருந்தார்கள். எத்தனை வாசல்களைத் தட்டிப் பார்த்தார்கள் என்பது எங்கும் இல்லை. இந்தக் குறை எங்கிருந்து வருகிறது என்பதை வாசகர்கள் அறிந்து வைப்பது நல்லது.

முகவர் எதை வாசிக்கிறது?

முகவர் நேரடியாக வாசல்களைத் தட்டுவதில்லை. 1997 முதல் பாவனையிலுள்ள 'என்மெப்' போன்ற கருவிகளை அது இயக்குகிறது. முகவருக்கும் கருவிக்கும் இடையே ஓர் இணைப்பு மென்பொருள் இருக்கும். 2024 நவம்பரில் அன்த்ரோபிக் நிறுவனம் இதற்கென ஒரு பொது ஒழுங்குமுறையை வெளியிட்டது. அதன்படி ஒவ்வொரு கருவியும் தன்னைப் பற்றிய விளக்கக் குறிப்பைக் கூடவே கொண்டு வரும். அந்தக் குறிப்புத்தான் முகவருக்குக் கையேடு. நிபுணருக்குக் கையேட்டில் விடுபட்டதை அனுபவம் ஈடு செய்யும். முகவரோ பெரும்பாலும் எழுதியிருப்பதை வைத்தே முடிவெடுக்கும்.

ஓர் உதாரணம். ஒரு கணனியில் ரீ.சி.பி. வாசல்கள் 65,535 வரை உண்டு. எண்ணிக்கை குறிப்பிடாவிட்டால் என்மெப் அதிகம் பாவிக்கப்படும் 1,000 வாசல்களை மாத்திரமே பார்க்கும். அதற்கும் முன், அந்தக் கணனி இயங்குகிறதா என்று குரல் கொடுத்துப் பார்க்கும். தீச்சுவர் அந்தக் குரலைத் தடுத்தால், கணனி இயங்கவில்லை என்று எண்ணி நகர்ந்துவிடும். இந்த இரண்டும் குறிப்பில் இல்லையென்றால், முகவர் நல்லெண்ணத்தோடேயே "ஒன்றுமில்லை" என்று எழுதும். "பார்த்தேன், இல்லை" என்பதும் "பார்க்க முடியவில்லை" என்பதும் ஒன்றல்ல.

நல்ல கையேட்டின் அடையாளங்கள்

முதலாவது, கருவி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது இரண்டும் எழுதப்பட்டிருக்க வேண்டும். இரண்டாவது, நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அது தானாக எதைத் தெரிவு செய்யும் என்பது இலக்கத்தோடு இருக்க வேண்டும். மூன்றாவது, தோல்வி எப்படித் தோன்றும் என்பதற்கு மாதிரி விடை வேண்டும். நான்காவது, வெறுமனே பார்க்கும் கட்டளை எது, தரவை மாற்றவோ அழிக்கவோ கூடிய கட்டளை எது என்று பிரித்துக் காட்ட வேண்டும். ஐந்தாவது, எந்தப் பதிப்புக்கு எழுதியது என்ற குறிப்பு.

இன்னொன்றும் உண்டு. கருவி விளக்கத்துக்குள்ளேயே இரகசியக் கட்டளையை ஒளித்து வைத்து முகவரைத் திசை திருப்பலாம் என்பதை 2025 இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். எனவே யார் எழுதிய கையேடு என்பதும் முக்கியம்.

எடை போடுவது எப்படி?

வாசித்து நன்றாக இருக்கிறது என்பது போதாது. விடை தெரிந்த கணக்கைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். பாவிக்காத பழைய கணனி ஒன்றில், அந்த 1,000 இற்குள் வராத ஒரு வாசலைத் திறந்து வையுங்கள். தீச்சுவரையும் இயக்குங்கள். பின்னர் முகவரை ஏவி, அதைக் கண்டுபிடிக்கிறதா என்று பாருங்கள். கையேட்டைத் திருத்தி மீண்டும் ஏவுங்கள். முகவரின் விடை தடவைக்குத் தடவை மாறும் என்பதால் ஒவ்வொன்றையும் பல முறை செய்ய வேண்டும். இணையத்தில் கிடைக்கும் 'ஜூஸ் ஷொப்' போன்ற பயிற்சித் தளங்களின் விடைகள் எங்கும் பரவிக் கிடப்பதால், முகவர் மனப்பாடமாகவே ஒப்புவித்துவிடக்கூடும். சொந்தமாக அமைத்த கணக்கே உரைகல்.

பொய்யான நிம்மதியின் விலை சிறிதல்ல. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணனிச் சேவை தாக்கப்பட்டபோது காப்புப் பிரதியும் சேர்ந்தே பாதிக்கப்பட்டது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை. அரசாங்கத்துக்கே அந்த நிலை என்றால், ஒரு போகத்து நெற்கணக்கை இழக்கும் வியாபாரி எதைக் காட்டிக் கடனைக் கேட்பார்?

சோதனைக்கு முன் எழுத்தில் அனுமதி கொடுங்கள். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணனிக் குற்றச் சட்டத்தின்படி அனுமதியின்றி நுழைவது குற்றம். எந்தக் கணனி, எந்த நாள், எந்த எல்லை என்பது அதில் இருக்கட்டும். அறிக்கை வந்ததும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எத்தனை வாசல்கள் பார்க்கப்பட்டன? எதைப் பார்க்க முடியவில்லை? கருவியின் கையேடு எங்கே? மூன்றுக்கும் எழுத்தில் பதில் கிடைத்த பிறகு மிகுதிப் பணத்தைக் கொடுங்கள்.