நேரியல் சமன்பாட்டின் வரைபடம்: வெப்பநிலை அளவுகளை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

இரு மாறிகளுக்கு இடையிலான முதற்படி உறவைக் கூறுவது நேரியல் சமன்பாடு. ஆயத்தொலைத் தளத்தில் அதன் வரைபடம் நேர்கோடாக அமையும். இயற்கணிதத்தையும் வடிவியலையும் இணைத்த ரெனே டேக்கார்ட்டின் நூல் 1637இல் வெளிவந்தது. கார்ட்டீசியன் தளம் என்னும் பெயர் அவரை ஒட்டியே ஏற்பட்டது. வரைபடம் நேர்கோடாக இருப்பதனாலேயே இரு அளவுகளும் நேர்விகிதத்தில் உள்ளன எனக் கொள்வது பிழையாகும். அப்பிழையைச் செல்சியஸ், பாரன்ஹீட் அளவுகளின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

புள்ளிகளைக் குறித்தல்

செல்சியஸ் அளவைச் ‘செ’ என்றும் பாரன்ஹீட் அளவைப் ‘பா’ என்றும் குறித்தால், பா = 1.8 × செ + 32 என்னும் சமன்பாடு கிடைக்கிறது. கிடை அச்சில் செல்சியஸையும் குத்து அச்சில் பாரன்ஹீட்டையும் கொள்வோம். இயல்பான வளிமண்டல அழுத்தத்தில் நீரின் உறைநிலை (0, 32) என்றும் கொதிநிலை (100, 212) என்றும் குறிக்கப்படும். நேர்கோடு வரைய இவ்விரு புள்ளிகளே போதும். எனினும், ஒரு புள்ளி தவறாகக் குறிக்கப்பட்டாலும் ஏதேனும் ஒரு நேர்கோடு கிடைத்துவிடும். எனவே (50, 122) என்னும் மூன்றாம் புள்ளியைக் கணக்கிட்டு, அதுவும் அக்கோட்டின்மேல் அமைகிறதா எனச் சரிபார்த்தல் வேண்டும்.

சாய்வும் வெட்டுத்துண்டும்

செல்சியஸ் 100 பாகை உயரும்போது பாரன்ஹீட் 180 பாகை உயர்கிறது. இவற்றின் விகிதமாகிய 1.8 என்பதே கோட்டின் சாய்வு. கோடு குத்து அச்சை 32இல் வெட்டுகிறது. இது வெட்டுத்துண்டு எனப்படும். கோடு ஆதிப்புள்ளி வழியே செல்லாமையால் இவ்வளவுகள் நேர்விகிதத்தில் இல்லை. செல்சியஸ் 10 என்பது பாரன்ஹீட் 50. செல்சியஸ் 20 என்பதோ 100 அன்று, 68 ஆகும். ஆனால், இரு அளவுகளிலும் ஏற்படும் மாற்றங்கள் நேர்விகிதத்தில் உள்ளன. ஏனெனில், இரு புள்ளிகளின் வேறுபாட்டைக் காணும்போது 32 நீங்கிவிடுகிறது. சாய்வு மட்டுமே எஞ்சுகிறது.

பயன்பாடு

2015ஆம் ஆண்டின் பாரிசு உடன்படிக்கை குறிப்பிடும் 1.5 பாகை செல்சியஸ் என்பது வெப்பநிலை உயர்வு. ஒரு குறிப்பிட்ட வெப்பநிலை அன்று. அதனைப் பாரன்ஹீட்டிற்கு மாற்றுகையில் சாய்வால் மட்டும் பெருக்கி 2.7 பாகை எனக் கொள்ள வேண்டும். 32ஐயும் கூட்டினால் 34.7 என்னும் பொருந்தாத விடை கிடைக்கும்.

முடிவுரை

சாய்வு மாற்றத்தின் வீதத்தையும், வெட்டுத்துண்டு தொடக்க மதிப்பையும் உணர்த்துகின்றன. வரைபடம் கற்பிக்கப்படும்போது கோடு வரைவதோடு நில்லாமல், ஒரு வினாவிற்கு இவ்விரண்டில் எது தேவை என்பதையும் மாணவர் பிரித்தறியச் செய்தல் இன்றியமையாதது.