பல்லைக் காக்கும் படிப்பு



"மகளை என்ன படிக்க வைக்கப் போகிறீர்கள்?" என்று தோட்டத்துப் பெற்றோரைக் கேட்டால், பெரும்பாலும் இரண்டு பதில்கள்தாம் வருகின்றன. நன்றாகப் படிக்கும் பிள்ளையென்றால் டாக்டர், இல்லையென்றால், "எங்கேயாவது வேலைக்குப் போகட்டும்." டாக்டருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில் எத்தனையோ நல்ல படிப்புகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றான பல் சுகாதாரப் படிப்பைப் பற்றி இன்று பேசுவோம்.

பல் மருத்துவர் என்றால் எல்லோருக்கும் தெரியும். பல் சுகாதாரப் பணியாளர் யார்? பல் கெட்ட பிறகு பிடுங்குவதைவிட, கெடாமல் காப்பதையே முதல் வேலையாகக் கொண்டவர் அவர். 1906ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரில் ஆல்பிரட் ஃபோன்ஸ் என்ற பல் மருத்துவர், தம்மிடம் உதவியாளராக இருந்த ஐரீன் நியூமன் என்ற பெண்மணிக்கு இந்த வேலையைப் பழக்கினார். 1913இல் அதற்கென ஒரு பள்ளியையே தொடங்கினார்.

நியூசிலாந்து இன்னொரு வழியில் சென்றது. முதல் உலகப் போருக்குப் படையில் சேர வந்த இளைஞர்களின் பற்கள் மிகவும் கெட்டிருந்ததைக் கண்டு, பிள்ளைப் பருவத்திலேயே பல்லைக் காக்க வேண்டும் என்று அந்நாடு தீர்மானித்தது. 1921இல் வெலிங்டன் நகரில் பள்ளிப் பல் தாதியருக்குப் பயிற்சி தொடங்கியது. அந்த முறையைப் பின்பற்றி 1949இல் நம் பினாங்கிலும் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி ஏற்பட்டது. வெள்ளைச் சீருடையில் பள்ளிக்கூடத்துக்கு வந்து, பிள்ளைகளை வரிசையாக அமர வைத்து வாயைத் திறக்கச் சொன்ன 'பல்லு மிசி'யைப் பலருக்கு நினைவிருக்கும். அவர் இந்த வழியில் வந்தவர்தாம். இன்று அவரைப் பல் சிகிச்சையாளர் என்கிறோம்.

சரி, இதில் படிப்பதற்கு என்ன இருக்கிறது? பல் துலக்கச் சொல்லிக்கொடுக்க ஒரு பட்டமா என்று சிலர் கேட்கலாம். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். விடியற்காலையில் வேலைக்குப் புறப்படும் தாய், பிள்ளை அழாமல் இருக்கட்டும் என்று, இனிப்பான டின்பாலைக் கரைத்துப் புட்டியில் ஊற்றி வாயில் வைக்கிறாள். பிள்ளை அப்படியே உறங்கிவிடுகிறது. பல்லின் மேல் படிந்திருக்கும் மெல்லிய படலத்தில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் வாழ்கின்றன. அவை சர்க்கரையைத் தின்று அமிலத்தை உண்டாக்குகின்றன. எனாமல் என்னும் பல்லின் மேல் ஓட்டை அமிலம் அரிக்கிறது. விழித்திருக்கும்போது உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணித்துவிடும். உறக்கத்திலோ உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடும். அதனால்தான் சில பிள்ளைகளுக்கு மூன்று வயதிலேயே மேல்வாய் முன்பற்கள் கறுத்துக் கரைகின்றன.

"பால் பல்தானே, விழுந்து முளைக்கும்" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் ஆறு வயதளவில், பால் பல் எதுவும் விழாமலேயே, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் பெரிய கடைவாய்ப் பல் ஒன்று முளைக்கிறது. மேலும் கீழும், இருபுறமும் என இப்படி நான்கு. இவை நிலையான பற்கள். இவற்றையும் பால் பல் என்று எண்ணி விட்டுவிட்டால் பிறகு முளைக்க மாட்டா. பல்வலியால் இரவெல்லாம் உறங்காத பிள்ளை மறுநாள் வகுப்பில் எப்படிப் பாடம் கேட்கும்? வீங்கிய கன்னத்தோடு தேர்வு எழுதும் பிள்ளைகளை ஆசிரியர்களாகிய நாம் கண்டிருக்கிறோம்.

இந்தக் காரணங்களையெல்லாம் முறையாகக் கற்பதே இப்படிப்பு. உடற்கூறு, கிருமியியல், ஈறு நோய்கள், எக்ஸ்ரே எடுத்தல், மரத்துப்போகும் ஊசி போடுதல், பற்காரையைச் சுரண்டி எடுத்தல், கடைவாய்ப் பல்லின் பள்ளங்களை அடைத்துக் காத்தல், ஃபுளோரைடு பூசுதல் ஆகியவை பாடங்கள். முதலில் பொம்மைத் தலையில் பழகி, பின்னர் ஆசிரியரின் மேற்பார்வையில் மனிதரிடம் பழகுவார்கள். மக்களிடம் மனம் நோகாமல் பேசுவதும் ஒரு பாடமே.

வெற்றிலை, புகையிலை போடும் பெரியவர்கள் நம் வீடுகளில் உண்டு. புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும், பாக்கோடு வெற்றிலை மெல்லுவது புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004இல் அறிவித்தது. வாயில் வெள்ளைத் திட்டோ, இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணோ இருந்தால் உடனே காட்ட வேண்டும். பயிற்சி பெற்ற கண் அதைத் தொடக்கத்திலேயே கண்டுகொள்ளும். அந்தக் கண்ணுக்குரியவர் பாட்டியிடம் தமிழிலேயே பேசக்கூடிய நம் தோட்டத்துப் பெண்ணாக இருந்தால், பாட்டி கூச்சமின்றி வாயைத் திறப்பார் அல்லவா?

எங்கே படிக்கலாம்? நம் நாட்டில் சுகாதார அமைச்சின் பினாங்குப் பயிற்சிக் கழகத்தில் பல் சிகிச்சைக்கான மூன்றாண்டு டிப்ளோமா உண்டு. சிங்கப்பூரில் நன்யாங் பாலிடெக்னிக் டிப்ளோமா அளிக்கிறது. பல்கலைக்கழகப் பட்டமே வேண்டும் என்றால், நியூசிலாந்தின் ஒட்டாகோ, ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன், அடிலேய்டு ஆகிய பல்கலைக்கழகங்களில் வாய்ச் சுகாதாரத்தில் மூன்றாண்டுப் பட்டப் படிப்பு இருக்கிறது. வெளிநாட்டுப் படிப்புக்குச் செலவு அதிகம். எனவே பணம் கட்டுமுன், அந்தப் பட்டத்தை ஏற்றுக்கொள்வார்களா என்று மலேசியப் பல் மருத்துவ மன்றத்தைக் கேட்டுத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். முகவர் சொல்லை மட்டும் நம்பாதீர்கள்.

2018ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டத்தின்படி, பல் சிகிச்சையாளர்களும் அந்த மன்றத்தில் பதிவு பெறுகிறார்கள். முன்பு அரசாங்கப் பணி ஒன்றே வழியாக இருந்தது. இப்போது பல் மருத்துவரின் மேற்பார்வையில் தனியார் துறையிலும் பணியாற்ற இடமுண்டு.

இதற்கான ஏற்பாடு நான்காம் படிவத்திலேயே தொடங்க வேண்டும். "கணக்கு வராது, அறிவியல் கடினம்" என்று சொல்லி அந்தப் பாடங்களைப் பிள்ளை கைவிட்டால், இந்தக் கதவு அன்றே அடைபட்டுவிடும். மலாயிலும் ஆங்கிலத்திலும் நல்ல தேர்ச்சி வேண்டும். எஸ்.பி.எம். முடிவு வந்ததும் சுகாதார அமைச்சின் விளம்பரத்தைத் தேடிப் பாருங்கள். தகுதிகளும் கடைசி நாளும் அதில் இருக்கும். படிவம் நிரப்பத் தெரியாவிட்டால் பள்ளிக்கு வந்து கேளுங்கள். பழைய மாணவர் என்று பார்க்காமல் உதவுவது ஆசிரியர் கடமை.

பெற்றோர்களே, மகளை இவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது என்று தயங்காதீர்கள். அவள் கற்று வரும் கல்வி அவளுக்குச் சோறு போடும். அவள் பார்க்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வலியில்லாத இரவைக் கொடுக்கும். அதுவரை நம்மால் இன்றிரவே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உறங்கப் போகும் பிள்ளையின் வாயிலிருந்து பால் புட்டியை எடுத்துவிட்டு, பல்லைத் துடைத்துவிடுங்கள்.