ஆற்றைப் பற்றி ஒரு முறைப்பாடு எழுதலாமா?

தம்பி தங்கைகளே, முதலில் ஒரு கணக்கு. ஆற்று நீர் விநாடிக்கு 1 மீற்றர் ஓடுகிறது என்று வையுங்கள். மணிக்கு எவ்வளவு? 3.6 கிலோமீற்றர். காலை 6 மணிக்கு நீங்கள் கண்ட கறுப்புத் தண்ணீர், 10 மணிக்கு முறைப்பாட்டை விசாரிக்க அதிகாரி வந்து நிற்கும்போது 14 கிலோமீற்றருக்கு அப்பால் போயிருக்கும். அவர் முன்னால் தெளிந்த தண்ணீர்தான் ஓடும். "ஒன்றுமில்லையே" என்று அவர் சொன்னால் கோபப்பட்டுப் பயனில்லை.

நம்ம கஹவத்தைப் பக்கத்து ஓடைகள் வே கங்கையில் இறங்குகின்றன. வே கங்கை களு கங்கையில் சேர்ந்து, களுத்துறையில் கடலுக்குப் போகிறது. ஆறு ஓடிவிடுவதால், அதைப் பற்றிச் சொல்ல நம்மிடம் மிஞ்சுவது கொப்பியில் எழுதியதும் கைத்தொலைபேசியில் எடுத்த படமுமே. நாள், நேரம், இடம், நிறம், மணம், முதல் நாள் மழையா வெயிலா, செத்த மீன்கள் உண்டா என்பதை உடனே எழுதுங்கள். இன்னொன்று இவை எல்லாவற்றையும் விட முக்கியம்: கரையோரமாகப் பெரியவர்களுடன் மேல்பக்கம் நடந்து பார்ப்பது. தண்ணீர் எந்த இடம்வரை நல்லதாக இருக்கிறது, எந்தக் கான் வந்து விழுந்த பிறகு கெடுகிறது? அந்த இடம் தெரிந்தால் அதிகாரியின் பாதி வேலை முடிந்தது.

நம்ம ஊரில் என்ன கலக்கலாம்? இறப்பர் பாலை உறைய வைக்கப் போமிக் அமிலம் ஊற்றுவார்கள். ஷீட்டை எடுத்த பிறகு மிஞ்சும் நீரில் புளிப்பும், சீனியும், புரதமும் இருக்கும். அது விஷம் என்று நினைக்காதீர்கள். பற்றீரியாக்களுக்கு அது விருந்து. விருந்து நடக்கும்போது அவை தண்ணீரில் கரைந்துள்ள ஒட்சிசனை எல்லாம் எடுத்துவிடும். நல்ல ஆற்று நீரில் லீற்றருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஒட்சிசன் இருக்கும். அது 2க்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்களால் தாங்க முடியாது. அழுகிய முட்டை மணம் வந்தால், ஒட்சிசன் தீர்ந்துபோய் ஐதரசன் சல்பைட் உண்டாகிறது என்று அர்த்தம். இரவில் நீர்த்தாவரங்களும் ஒட்சிசன் தயாரிக்காது, சுவாசிக்க மட்டும் செய்யும். அதனால் விடியற்காலையில்தான் ஒட்சிசன் ஆகக் குறைவு. மீன்கள் மேலே வந்து வாய் திறப்பதையும் அப்போதுதான் பார்க்கலாம்.

மாணிக்கக் குழிச் சரளையைக் கழுவிய சேற்றுநீர் வேறு மாதிரி. அது வெளிச்சத்தை மறைக்கும். மீன்களின் பூக்களை அடைக்கும்.

எல்லாமே மாசு என்று ஓடிவிடவும் கூடாது. தேங்கிய நீரில் வானவில் நிறத்தில் ஒரு படலம் தெரிந்தால் நீளமான குச்சியால் கலக்குங்கள். கண்ணாடித் துண்டுபோல் உடைந்து நின்றால் அது இரும்பு பற்றீரியா, இயற்கையானது. திரும்ப ஒன்றுசேர்ந்தால் எண்ணெய். தண்ணீரைக் கையால் தொடவோ, வாயில் வைக்கவோ வேண்டாம்! போத்தலில் பிடித்துவைப்பதும் பெரிதாக உதவாது. ஒட்சிசனை ஆற்றங்கரையிலேயே அளக்க வேண்டும். ஆய்வுக்கூட மாதிரியையும் அதிகாரியே எடுப்பதுதான் முறை.

யாரிடம் சொல்வது? வீட்டில், பள்ளிக்கூடத்தில் சொல்லுங்கள். அவர்கள் கிராம உத்தியோகத்தரிடமோ, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ போகலாம். மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் முறைப்பாட்டு எண் 1981. அந்த அதிகாரசபை தொடங்கிய ஆண்டும் 1981தான், மறக்கவே மறக்காது. மாணிக்கக் குழி என்றால் தேசிய மாணிக்கக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபை. "இன்ன பெக்டரிதான் செய்தது" என்று எழுதாதீர்கள். கண்டதை எழுதுங்கள், கண்டுபிடிப்பது அவர்கள் வேலை.

இதெல்லாம் நடக்குமா என்று கேட்பீர்கள். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் மணப்பதாக மக்கள் சொல்லத் தொடங்கினார்கள். விடயம் வழக்காகி, 2019இல் உயர் நீதிமன்றம் அங்கிருந்த மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. வருடக்கணக்கில் இழுத்த கதைதான், ஆனால் நடந்தது.

முறைப்பாடு கொடுத்த பிறகு பதில் இல்லையென்றால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி அப்பா அம்மா பரிசோதனை முடிவைக் கேட்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அலுவலகம் முடிவெடுக்க வேண்டும். சிங்களத்தில் எழுதத் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். நம்ம சப்ரகமுவ மாகாணத்திலும் அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுத அரசியலமைப்பே உரிமை தந்திருக்கிறது. தமிழிலேயே எழுதுங்கள்; ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.